மூன்றாவது கிண்ணத்தில் முப்பத்தெட்டுக் குதிரைகள்

பல்தான் கிழவர் மூன்றாவது கிண்ணம் டீயைக் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சினார். மீசையில் ஒட்டிய பாலாடையைத் துடைத்துக்கொண்டார். எழுந்தார். இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டினார். வாசல் பக்கம் திரும்பிய பிறகு, ஏதோ அடுப்பு புகைகிறது என்று சொல்வது போலச் சொன்னார்.

“அப்புறம் தாயி, உங்க குதிரைக் கூட்டம் கறுப்பு மேட்டைத் தாண்டிருச்சு. காத்துக்கு வாலைக் காட்டிக்கிட்டு நேரா தண்டவாள வேலியப் பாத்துப் போகுது.”

என் கையிலிருந்த கரண்டி டீச்சட்டிக்குள் விழுந்தது.

“எப்ப பாத்தீங்க?”

“எட்டு மணி இருக்கும்.”

இப்போது மணி பத்து.

“ஐயா, நீங்க வந்து அரை மணி நேரமாச்சு!”

“ஆமா. வந்ததும் வராததுமா கெட்ட சேதியச் சொல்ல முடியுமா? நான் என்ன நேத்துப் பொறந்தவனா?”

அவரைத் திட்டவும் முடியாது. எங்கள் ஊரில் வழக்கம் அப்படி. வந்தவர் “குளிர்காலம் நல்லபடியாப் போகுதா?” என்று கேட்பார். இருப்பவர் “நல்லபடியாப் போகுது” என்று சொல்ல வேண்டும். பிறகு இருப்பவர் கேட்க வேண்டும், வந்தவர் “நல்லது, நல்லது” என்று சொல்ல வேண்டும். மூக்குப்பொடிச் சிமிழை மாற்றி மாற்றி முகர்ந்து பார்க்க வேண்டும். டீ. ஆடு எப்படி, மாடு எப்படி, புல் எப்படி. வீடு தீப்பிடித்து எரிந்தாலும் முதல் பதில் “நல்லது”தான். நானும் அதைத்தான் சொன்னேன். கால் ஒடிந்து மாவுக்கட்டோடு கட்டிலில் கிடக்கும் புருஷனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, “எல்லாம் நல்லபடியா இருக்கு ஐயா” என்று பல்லைக் காட்டினேன்.

எனக்கு முன்பே சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். கதவிடுக்கில் அவருடைய சாம்பல் நிற மயிலைக் குதிரை தெரிந்தது. உட்கார வந்தவர் குதிரையின் வயிற்று வாரைத் தளர்த்திவிட்டு வருவார். மயிலையின் வார் இறுக்கமாகவே இருந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டு மூன்றாவது கிண்ணத்தை ஊற்றினேன். யாரை நோவது?

“நர்மந்தாக்!” கட்டிலிலிருந்து என் வீட்டுக்காரர் ஷாரவ் கத்தினார். “என்ன நின்னுக்கிட்டிருக்கே? கிளம்பு! வேலிக்குப் போறதுக்குள்ள மடக்கணும்!”

“படுத்துக்கிட்டு உத்தரவு போடறதுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல.”

“நான் எந்திரிக்க முடிஞ்சா உன்கிட்டச் சொல்லுவேனா?”

“நாப்பத்தஞ்சு வயசுல பழகாத புள்ளிக் குதிரை மேல ஏறி வித்தை காட்டாம இருந்திருந்தா எந்திரிச்சிருப்பீங்க.”

பல்தான் ஐயா கூரையைப் பார்த்தார்.

ஆனால் ஷாரவ் சொன்னது சரி. புயல் காற்றில் குதிரை எதிர்த்து நிற்காது. வாலைக் காற்றுக்குக் கொடுத்து நடக்கும். சமவெளியில் நடந்தால் பரவாயில்லை, எங்காவது மேட்டு மறைவில் நிற்கும், நாலு நாள் கழித்துத் தேடிப் பிடிக்கலாம். எங்கள் பக்கம் தென்கிழக்கில் தண்டவாளம் ஓடுகிறது. அதற்கு இருபுறமும் முள்கம்பி வேலி. முன்னால் வருவது கம்பியில் முட்டி நிற்கும். பின்னால் வருவது தள்ளும். நகராமல் நின்ற குதிரை மேல் பனி ஏறும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மேற்கே ஒரு வீட்டுக்காரர் விடிந்து போய்ப் பார்த்தபோது, வேலியோரம் ஐம்பது குதிரைகள் நின்ற நிலையிலேயே இருந்தன. ஒன்றுக்கும் உயிர் இல்லை.

எங்களுக்கு இருப்பது முப்பத்தெட்டு. அதில் இருபதின் வயிற்றில் குட்டி. அது போனால் கோடையில் பால் இல்லை, குதிரைப் பால் புளிக்கவைக்க ஒன்றும் இல்லை, ஏறிப் போக ஒன்றும் இல்லை. பட்டணத்துக்குப் போய் யார் வீட்டிலாவது மாடிப்படி கழுவ வேண்டியதுதான்.

கறுப்பு மேட்டிலிருந்து வேலி பதினெட்டு கிலோமீட்டர். புயலில் கூட்டம் மணிக்கு மூன்று கிலோமீட்டர் நடக்கும். எட்டும் ஆறும் பதினாலு. மத்தியானம் இரண்டு மணி. அதற்குள் நான் அங்கே இருக்க வேண்டும்.

“தொங்கோய் எங்கே?”

தொங்கோய் என் கொழுந்தன். இருபத்தாறு வயசு, ஆறடி உயரம், உபயோகம் அரையடி. நேற்று மாலை குதிரைக் கூட்டத்தைப் போய்ப் பார்த்து, காற்று மாறுவதற்குள் மலை மறைவுக்கு ஓட்டிவர வேண்டியது அவன் வேலை. காலையில் கேட்டதற்கு “பாத்தேன் அண்ணி, எல்லாம் நல்லது” என்றான். அந்த ‘நல்லது’ எந்த ‘நல்லது’ என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

வெளியே போனேன். காற்று கன்னத்தில் அறைந்தது. குளிரை நாங்கள் ஒன்பது ஒன்பது நாளாக எண்ணுவோம். அது நாலாவது ஒன்பது. மாட்டின் கொம்பே உறைகிற நாட்கள். தொங்கோய் நாங்கள் குடியிருக்கும் கம்பளிக் கூடாரத்தின் மறைவில் குந்தியிருந்தான். மோட்டார் சைக்கிள் எஞ்சினுக்கு அடியில் சாண நெருப்பு மூட்டி ஊதிக்கொண்டிருந்தான்.

“புது பிளக் போட்டிருக்கேன் அண்ணி. இன்னும் கொஞ்ச நேரத்துல ஸ்டார்ட் ஆயிரும்.”

“புது பிளக்கா? ஏதுடா?”

முகம் மாறியது. பிளக் விற்கிற கடை வட்டார ஊரில் இருக்கிறது. அது வடக்கே. குதிரைக் கூட்டம் இருந்தது தெற்கே.

“அப்ப நேத்து நீ கூட்டத்தப் பாக்கவே போகல.”

“தூரத்துலேர்ந்து பாத்தேன்.”

“எவ்வளவு தூரத்துலேர்ந்து?”

“...ஊர்லேர்ந்து.”

நெருப்புக்குப் பக்கத்தில் கிடந்த சாண வறட்டியை எடுத்து அவன் மேல் எறிந்தேன். குறி தப்பவில்லை.

“கூட்டம் வேலிக்குப் போயிக்கிட்டிருக்குடா! செவலைக்குச் சேணம் போடு!”

குளிர்காலத்தில் நாங்கள் எல்லாக் குதிரைகளையும் மேய்ச்சலுக்கு விட்டுவிட்டு, ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொள்வோம். இந்த மாதம் அது செவலை. எங்களிடம் குதிரைக்குப் பேர் வைக்கிற பழக்கம் இல்லை, நிறம்தான் பேர். செவலை கட்டுக்கம்பத்தில் நின்றது. இரண்டு கம்பங்களுக்கு நடுவே, ஆள் கையைத் தூக்கினால் எட்டுகிற உயரத்தில் ஒரு கயிறு. அதில் தலைக்கயிற்றைக் குட்டையாகக் கட்டுவோம். பக்கத்தில் போனேன்.

தலைக்கயிறு முழங்கால் வரை தொங்கியது. தரையில் குதிரையின் வாய் எட்டுகிற வட்டம் முழுக்கப் பனி வழித்தெடுத்தது போல் சுத்தமாக இருந்தது. தாடை முடியைத் தொட்டுப் பார்த்தேன். மூச்சுக்காற்று உறைந்தால் மாவு தூவினாற்போல் வெள்ளையாக இருக்கும். இது கண்ணாடி மணி மணியாகத் தொங்கியது. குதிரை ராத்திரி முழுக்கப் பனி தின்றிருக்கிறது.

“தொங்கோய்.”

“அண்ணி?”

“நேத்து இது வேர்த்துச்சா?”

“லேசா.”

“லேசான்னா?”

“வழியில ரெண்டு பேரு வந்தாங்க. பந்தயம் வெச்சுக்கலாமான்னு கேட்டாங்க. நம்ம செவலையப் பத்திக் குறைச்சலாப் பேசினாங்க அண்ணி! எப்படிப் பொறுத்துக்கறது?”

வியர்த்த குதிரைக்குக் குளிரில் புல் காட்டக்கூடாது, தண்ணீர் காட்டக்கூடாது, பனியைக் கடிக்க விடக்கூடாது. உடம்பில் கொதிப்பு, வயிற்றில் ஐஸ் என்றால் இரண்டே நாளில் படுத்துவிடும். அதனால்தான் உயரமாகக் கட்டி, வியர்வை காய்ந்து வயிறு ஒட்டும்வரை பட்டினி போடுகிறோம். நாலு வயசுப் பிள்ளைக்குத் தெரியும் இது.

“ஏன்டா இவ்வளவு நீளமாக் கட்டினே?”

“கை விறைச்சுப் போச்சு அண்ணி. முடிச்சுப் போட வரல. பாவமா வேற பாத்துச்சு.”

“அது பாவமாத்தான் பாக்கும்! அதுக்கு வேற என்ன வேலை?”

கூடாரத்துக்குள்ளிருந்து ஷாரவ் குரல்: “வயித்துல காத வெச்சுக் கேளு!” எதற்கும் ஒரு யோசனை வைத்திருப்பார், கட்டிலில் இருந்தபடியே.

காதை வைத்தேன். காற்று ஊளையிடுகிறது, குதிரையின் வயிறு ஊளையிடுகிறது, எது எதென்று எப்படித் தெரியும்? பல்தான் ஐயா மெதுவாக வந்தார். எழுபது வருஷம் குதிரையோடு வாழ்ந்தவர். உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். அடிவயிற்றில் கையை வைத்து அழுத்தினார். தரையில் கிடந்த லத்தியைக் காலால் உடைத்துப் பார்த்தார்.

“நல்லா இருக்கு தாயி. நல்லது, நல்லது.”

நான் அவரை நேருக்கு நேர் பார்த்தேன்.

“ஐயா, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. இது டீக்கு முன்னாடி ‘நல்லது’வா, டீக்கு அப்புறம் ‘நல்லது’வா?”

கிழவர் தொண்டையைக் கனைத்தார்.

உள்ளே ஓடினேன். சட்டியிலிருந்து ஒரு கிண்ணம் மொண்டுகொண்டு வெளியே ஓடிவந்து அவர் கையில் திணித்தேன். அந்தக் குளிரில், அந்தக் காற்றில், நிதானமாகக் குடித்தார். பாதி உறைந்திருக்கும். கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

“அவ்வளவு நல்லா இல்ல. நடந்தாத் தாங்கும். சின்ன ஓட்டம் தாங்கும். நாலு கால் பாய்ச்சல்ல விட்டே, திரும்பி வராது. மறுபடி வேர்க்கவே கூடாது.”

ஓடுகிற கூட்டத்தைப் பிடிக்க வேண்டும், ஓடக்கூடாது.

“என் மயிலைய இந்தத் தடியன்கிட்டக் கொடு,” என்றார் பல்தான் ஐயா. “அத நடக்க விட்டுத்தான் வந்தேன், முதுகு காய்ஞ்சிருக்கு. பத்தொன்பது வயசு. விரட்டினாலும் ஓடாது. அதான் அதோட சிறப்பு. நான் ஷாரவுக்குத் துணையா இருக்கேன். டீ இருக்கில்ல?”

“இருக்கு ஐயா. சட்டி நிறைய இருக்கு.”

எதிர்க்காற்றில் ஒன்றரை மணி நேரம் அந்தக் கிழவர் எங்களுக்காகத்தான் வந்திருக்கிறார் என்பது வழியில்தான் உறைத்தது. அப்போதும் கோபம் போகவில்லை.

கிளம்பிவிட்டோம். காற்று முதுகில். பனி தரையோடு தரையாகப் பாம்பு பாம்பாக ஓடியது. செவலையை மெல்லோட்டத்தில் வைத்திருந்தேன். ஐந்து நிமிஷத்துக்கொரு முறை கையுறையைக் கழற்றி, சேணத்துக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தேன். காய்ந்திருக்கிறதா? காய்ந்திருக்கிறது. விரல் மரத்துப் போனதும் வாயில் வைத்துச் சூடாக்கிக்கொண்டேன். லேசாக ஈரம் தட்டினால் இறங்கி நடந்தேன். ஒருமுறை அரை கிலோமீட்டர் நடந்தேன், முழங்கால் பனியில்.

“அண்ணி, இப்படிப் போனா வசந்தத்துலதான் போய்ச் சேருவோம்.”

“வாய மூடு.”

“ஒரே ஒரு பாய்ச்சல் விட்டா...”

“நேத்து விட்டியே, அது போதும். இன்னிக்கு விடவேண்டிய பாய்ச்சல நேத்தே நீ செலவழிச்சிட்டே.”

கொஞ்ச தூரம் மயிலையின் பிடரியில் பனியைத் தட்டிக்கொண்டே வந்தான். பிறகு மெதுவாக:

“ஆனா ஜெயிச்சோம் அண்ணி.”

திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். மயிலையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

ஒன்றே கால் மணிக்குச் சுவடு கிடைத்தது. எதையும் பனியால் மூடிவிடுகிற காற்றில் சுவடு தெரிந்தால் கூட்டம் பக்கத்தில் என்று அர்த்தம். ஒன்றே முக்காலுக்குத் தெரிந்தது: சாம்பல் திரைக்குப் பின்னால் பழுப்பாக, கறுப்பாக, மங்கலாக அசைகிற முதுகுகள். தலைகள் தாழ்ந்திருந்தன. பொலிகுதிரை பின்னால் வந்தது. முன்னால் நடப்பது யார் என்று பார்க்காமலே தெரியும். உதைகாரி. நான் அவளுக்கு வைத்தது பேர் இல்லை, குற்றச்சாட்டு. கோடையில் பால் கறக்கும்போது ஒரு நாளைக்கு ஆறு தடவை வாளியை உதைப்பாள். கூட்டத்துக்கு அவள்தான் தலைவி. அவள் போனால் எல்லாம் போகும்.

எதிர்க்காற்றில் அவர்களைத் திருப்ப முடியாது. அது எனக்குத் தெரியும். ஆனால் வேலியில் ஒரு வழி உண்டு. தண்டவாள மேட்டுக்கு அடியில், ஆடு மாடு கடக்கக் கட்டிய சுரங்கவழி. அதற்குள் புகுந்து அந்தப்பக்கம் போனால் தண்டவாள மேடு காற்றை மறைக்கும். கூட்டம் தானாக நின்றுவிடும். நாங்கள் இருந்த இடத்திலிருந்து அது இடப்பக்கம், ஒரு கிலோமீட்டர் தள்ளி. கூட்டம் போனது வலப்பக்கமாக.

“தொங்கோய், நீ வலப்பக்கமாச் சுத்திப் போயி இடது பக்கம் தள்ளு. மெல்ல. நான்...”

“புரிஞ்சிருச்சு அண்ணி!”

அவனுக்குப் புரிந்தது என்றாலே எனக்குப் பயம். மயிலையைக் குதிகாலால் இடித்தான். பத்தொன்பது வருஷமாக ஓடாத அந்தக் கிழட்டுக் குதிரைக்கு அன்றைக்கு என்ன தோன்றியதோ, ஓடியது. இருபது அடி. பனி மூடிய பள்ளத்தில் முன்னங்கால் இறங்கியது. மயிலை மண்டியிட்டது. தொங்கோய் அதன் தலைக்கு மேலாகப் பறந்தான்.

அதற்குள் எனக்கு வேலி தெரிந்துவிட்டது. கம்பங்கள் ஒவ்வொன்றாகப் பனியிலிருந்து முளைத்தன. உதைகாரிக்கும் கம்பிக்கும் நடுவே இருநூறு அடிகூட இல்லை. அவளுக்கு முன்னாலேயே ஒன்று போய் மாட்டியிருந்தது. புள்ளி. ஷாரவின் காலை ஒடித்த அதே புள்ளிக் குதிரை. எல்லாவற்றிலும் அவசரம் அதற்கு. கம்பியில் கழுத்தையும் முன்னங்காலையும் கொடுத்துவிட்டு உதறிக்கொண்டிருந்தது. உதற உதறக் கம்பி இறுகியது.

செவலையின் காதுகள் நிமிர்ந்தன. கடிவாளத்தைத் தளர்த்தினால் போதும், அது பாயும். நாலு பாய்ச்சலில் உதைகாரிக்கு முன்னால் போய் நிற்கலாம். கை தளர்ந்தது. அதன் உடம்பு எனக்குக் கீழே வில்லாக வளைந்ததை உணர்ந்தேன்.

திரும்பி வராது என்று கிழவர் சொல்லியிருந்தார். அதுவும் டீ குடித்த பிறகு.

இழுத்துப் பிடித்தேன். இறங்கினேன். எனக்குப் பின்னாலிருந்து காற்று கூட்டத்தை நோக்கி வீசிக்கொண்டிருந்தது. செய்ய வேறு ஒன்றும் இல்லை. காலையிலிருந்து நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்ததை வாயைத் திறந்து கொட்டினேன்.

“ஏண்டி உதைகாரி! எங்கடி போறே? போன கோடையில பதினோரு வாளி கவுத்தியேடி, கணக்கு வெச்சிருக்கேன்டி நான்! திமிரு பிடிச்சவளே! நில்லுடி!”

காற்று என் குரலைத் தூக்கிக்கொண்டு போனது. உதைகாரியின் இடது காது பின்னால் மடங்கியது.

எனக்கு அந்தக் காதைத் தெரியும். கோடை முழுக்க, விடியலிலிருந்து இருட்டும்வரை, இரண்டு மணி நேரத்துக்கொரு தடவை அவளை இப்படித் திட்டித்தான் பால் கறக்கும் கயிற்றுக்கு வரவழைக்கிறேன். திட்டாவிட்டால் வரமாட்டாள்.

நின்றுவிட்டாள். அவள் நின்றதும் பின்னால் வந்ததெல்லாம் ஒன்றின்மேல் ஒன்று முட்டி நின்றது.

“ஆங்! கேக்குதா? காது இருக்கில்ல? அப்ப வா இங்க! மூஞ்சியப் பாரு, ஒண்ணும் தெரியாதவ மாதிரி!”

செவலையைக் கையில் பிடித்துக்கொண்டு இடப்பக்கமாக, சுரங்கவழியைப் பார்த்து நடந்தேன். திட்டிக்கொண்டே நடந்தேன். வாயை மூடினால் அவள் நிற்பாள். இரண்டு அடி காற்றோடு போவாள். திட்டினால் வருவாள். ஆக, நிறுத்தவே முடியாது. ஒரு கிலோமீட்டர்! உதைகாரியின் குற்றங்கள் முந்நூறு அடியில் தீர்ந்துவிட்டன. அப்புறம் தொங்கோயை எடுத்தேன். பிளக், பந்தயம், நீளக் கயிறு, போன வருஷம் என் புதுப் பூட்சைப் போட்டுக்கொண்டு சேற்றில் இறங்கியது. அது நல்ல தூரம் வந்தது. பிறகு ஷாரவ்: கால், கட்டில், உத்தரவு, கல்யாணமான முதல் வருஷம் அவர் அம்மாவிடம் என்னை விட்டுக்கொடுத்தது. பிறகு பல்தான் ஐயாவின் மூன்று கிண்ணங்கள். குதிரைக்கு யாரைத் திட்டுகிறேன் என்பது முக்கியமில்லை. குரல்தான் முக்கியம். இவ்வளவு வருஷமாக அடக்கி வைத்ததெல்லாம் அன்றைக்கு உபயோகப்பட்டது.

திரும்பிப் பார்த்தபோது என் பின்னால் உதைகாரி. அவள் பின்னால் வரிசையாக முப்பத்தைந்து. கடைசியில், நொண்டி நொண்டி, மயிலையைக் கையில் பிடித்துக்கொண்டு தொங்கோய், பின்தங்கியதைத் தள்ளிக்கொண்டு வந்தான். அவ்வளவு நேரமும் அவனுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது.

“அண்ணி, பூட்சு விஷயம் முடிஞ்சு போச்சுன்னுல்ல நெனச்சேன்!”

“எதுவும் முடியல!”

சுரங்கவழிக்குள் என் குரல் இரண்டு மடங்காக ஒலித்தது. உதைகாரி ஒரு கணம் தயங்கினாள். “வாடி!” என்றேன். வந்தாள். மேட்டுக்கு அந்தப்பக்கம் காற்று சட்டென்று அறுந்தது. குதிரைகள் உடம்பை உதறின. பொலிகுதிரை ஒரு சுற்றுச் சுற்றிவந்து எண்ணிப் பார்ப்பது போல் பார்த்தது. எல்லாம் நின்றுவிட்டன.

தொங்கோய் மட்டும் புள்ளியிடம் திரும்பிப் போனான். ஒரு மணி நேரம் கழித்து வந்தான். கையுறை முழுக்க ரத்தம். புள்ளி கூட வரவில்லை. அன்றைக்கு முதல் தடவையாக அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. குரலும் போய்விட்டிருந்தது.

அந்த மறைவில் ஒரு குடும்பம் குளிர்காலத்துக்குத் தங்கியிருந்தது. வீட்டுக்காரி செவ்ஜித் கதவைத் திறந்தாள். என் இமையில் ஐஸ், புருவத்தில் ஐஸ், பின்னால் ரத்தம் படிந்த ஆறடி ஆள்.

“வாங்க வாங்க. குளிர்காலம் நல்லபடியாப் போகுதா?”

என் வாய் தானாகத் திறந்தது. கரகரவென்று வந்தது:

“நல்லபடியாப் போகுது. உங்களுக்கு?”

டீ வந்தது. குடித்தேன். ஆடு எப்படி என்று கேட்டாள். நல்லது என்றேன். புல் எப்படி என்று கேட்டேன். இரண்டாவது கிண்ணம் பாதி போன பிறகுதான் சொன்னேன்: “உங்க ஆட்டுப்பட்டிக்குப் பின்னால எங்க குதிரைங்க முப்பத்தாறு நிக்குது. உங்க வைக்கோல்ல வாய வெச்சிருக்கும்னு நெனக்கிறேன்.”

செவ்ஜித் கிண்ணத்தை டொக்கென்று வைத்தாள். “வந்ததுமே சொல்லக்கூடாதா அக்கா!” என்று கத்திக்கொண்டே வெளியே ஓடினாள்.

தொங்கோய் சிரிப்பை அடக்க டீக்கிண்ணத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

செவலையை நானே கட்டினேன். அவர்கள் கம்பத்தின் கயிறு தாழ்வாக இருந்தது என்று, அவிழ்த்து ஒரு முழம் ஏற்றிக் கட்டினேன். மறைவில் மற்ற குதிரைகளுக்கு வைக்கோல் போட்டார்கள். செவலை அங்கே பார்த்தது, என்னைப் பார்த்தது, மறுபடி அங்கே பார்த்தது. எவ்வளவு பாவமாக முடியுமோ அவ்வளவு பாவமாக.

“பாக்காதே,” என்றேன். “ஒரு வாய் கிடையாது. வயிறு ஒட்டட்டும்.”

மூன்றாம் நாள் காற்று நின்றது. மத்தியானம் வீடு வந்து சேர்ந்தோம். தொங்கோய் கூட்டத்தை மலை மறைவுக்கு ஓட்டிக்கொண்டு போனான், இந்தத் தடவை பக்கத்திலேயே நின்று பார்க்க.

கூடாரத்துக்குள் பல்தான் ஐயா அன்றைக்கு டீ குடித்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். கையில் கிண்ணம். ஷாரவ் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மூன்று நாள் தாடி. கண்ணில் தூக்கம் இல்லை. நான் உள்ளே வந்ததும் இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

“குளிர்காலம் நல்லபடியாப் போகுதா?” என்றார் பல்தான் ஐயா.

“நல்லபடியாப் போகுது ஐயா.”

ஷாரவ் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். இருபது வருஷத்தில் அவர் ஒரு கேள்வியை விழுங்கி நான் பார்த்தது அன்றுதான். கட்டிலிலிருந்து எட்டி, சட்டியிலிருந்து ஒரு கிண்ணம் மொண்டு, சிந்தாமல் என்னிடம் நீட்டினார். முழுக்கக் குடித்தேன்.

மூன்று நாளாக இந்த வழக்கத்தைச் சபித்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு கிண்ணம் டீ தொண்டையில் இறங்குகிற நேரம் எனக்குத் தேவைப்பட்டது.

“முப்பத்தேழு,” என்றேன்.

“எது?”

“புள்ளி.”

மாவுக்கட்டைப் பார்த்தார். விரலால் அதைத் தடவினார். அந்தக் குதிரையை வசந்தத்தில் பழக்கிக் காட்டுகிறேன் என்று கட்டிலில் படுத்தபடியே எத்தனை தடவை சொல்லியிருப்பார்.

“முப்பத்தேழுல செவலையும் சேத்தியா?” குரல் இறங்கியிருந்தது. “அது எப்படி இருக்கு? இரு, இரு, சொல்லாதே. இன்னொரு கிண்ணம் ஊத்தறேன்.”

“அதுக்கு டீ வேண்டாம்,” என்றேன். “வெளிய கட்டியிருக்கேன். உயரமா.”